அரைப் பட்டை

டாசன் துரையின் பச்சைக் கார் அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டுப் பட்டறைக்கு வந்தது. மணிக்கு நூறு மைல் பறக்கும் என்று சொல்லி இங்கிலாந்திலிருந்து இறக்கிய கார். ஃபெரித் துறையிலிருந்து பினாங்கு ரோட்டுப் பட்டறை வரைக்கும் அதை இழுத்து வந்தவை இரண்டு மாடுகள். வழியில் அவை நிதானமாக நின்று சாணி போட்டுவிட்டுத்தான் வந்தன என்று வண்டிக்காரன் சிரித்தான். சுலைமானுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். அதில் ஒட்டியிருந்தது பால் ஊற்றிய கோப்பி நிறத்தில் இருந்தது.

"திரும்பவும் ஹெட் கேஸ்கட்தானா பாய்?" என்றான் அய்யாக்கண்ணு. பட்டறையில் மிச்சமிருந்த இன்னொரு ஆள் அவன்தான்.

"வேற என்ன. அதேதான் லா."

எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் நான்கு சிலிண்டர்கள். அவற்றுக்கு மேலே ஹெட் என்கிற கனமான மூடி. இரண்டுக்கும் நடுவில் செம்பில் வெட்டிய மெல்லிய தகடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் கேஸ்கட். உள்ளே வெடிக்கிற நெருப்பையும் சுற்றி ஓடுகிற தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அந்த ஒற்றைத் தகடு. சாதாரணக் காரில் அது இருக்கிற இடமே தெரியாமல் பல வருஷம் கிடக்கும். டாசன் துரைக்குச் சாதாரணக் கார் போதவில்லை. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற புளோவர் ஒன்றை வாங்கி முன்னால் மாட்டியிருந்தார். அந்த அமுக்கத்துக்கு முதல் தகடு எட்டு நாள் தாங்கியது, இரண்டாவது ஐந்து நாள்.

அது முப்பத்திரண்டாம் வருஷத்து ஜனவரி. ரப்பர் விலை விழுந்து, ஈய விலை விழுந்து, பினாங்கில் மோட்டார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ரிக்சாவுக்குத் திரும்பியிருந்தார்கள். ஆறு பேர் வேலை பார்த்த பட்டறையில் இரண்டு பேர் எஞ்சினார்கள். முதலாளியான சீனத் தவுக்கே, எதுவானாலும் பெருநாளுக்கு முன் ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறவர். சீனப் பெருநாளுக்குப் பத்துப் பதினோரு நாள்தான் இருந்தது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு அவர் மலாயில் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்:

"ஞாயித்துக்கெழம கெப்பாலா பத்தாஸ் நேர் ரோட்டுல துரைமாருங்க போட்டி. இந்தக் காடி ஓடி முடிச்சா, தோட்டத்து லாரி பன்னெண்டையும் நமக்கே தர்றேன்னு துரை சொல்லிட்டார். பட்டறை பொழைச்சுக்கும். ஓடலேன்னா நான் கதவைச் சாத்திட்டு மேடானுக்கு எங்க அண்ணன்கிட்ட போறேன். ஹாபிஸ் லா."

முடிந்தது என்ற அந்த மலாய்ச் சொல்லைத் தவுக்கே எப்போதும் கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டே சொல்வார். அன்றைக்கும் உதறினார்.

சுலைமானுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில் பட்டறை மட்டும் இல்லை. அவன் நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பத்து வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் டத்தோ கிராமாட்டில் சீனி முகம்மது வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். மாமனார் கப்பல்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். மகளைக் கட்டிக் கொடுத்து மருமகனையும் வீட்டோடு வைத்துக்கொண்டார். மனைவி சலேஹா பினாங்கிலேயே பிறந்தவள். மகள் ரோஹானாவுக்கு நான்கு வயது.

மறுநாள் விடியுமுன், நோன்பு பிடிப்பதற்கான சஹர் சாப்பாட்டின்போது மாமனார் பேச்சை எடுத்தார். சத்தம் போட்டுப் பேசியிருந்தால் சுலைமானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பான். அவர் அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. வேல போச்சுன்னா நீங்க ஊருக்குக் கெளம்பிருங்க. வேலையில்லாதவங்களை இப்ப அரசாங்கமே கப்பல்ல ஏத்தி அனுப்புது. ஆனா எம் மவளும் பேத்தியும் கப்பல் ஏற மாட்டாங்க. அங்க என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

சுலைமான் சோற்றைப் பிசைந்தான். சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் வீடு ஒன்று இருந்தது. அதில் அண்ணனின் ஐந்து பிள்ளைகளும் ஒரு வேளைச் சோறும் இருந்தன. மாமனார் மேல் கோபப்படக்கூட நியாயம் கிடைக்கவில்லையே என்பதுதான் அவனை அதிகம் வதைத்தது.

அடுப்படியிலிருந்து சலேஹா தன் தகப்பனிடம் சொன்னது ஒரே வார்த்தை. "ஞாயித்துக்கெழம போவட்டும் அத்தா. பெறவு பேசுவோம்."

எனவே சுலைமான் இந்தத் தடவை அவசரப்பட மறுத்துவிட்டான். முதல் இரண்டு தடவையும் தவுக்கே பின்னால் நின்று விரட்ட, பழைய தகட்டை எடுத்துப் புதியதைப் போட்டு மூடிவிட்டார்கள். குறை தகட்டில் இல்லை என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம். செவ்வாய்க்கிழமை ஹெட்டைக் கழற்றினான். உடைந்த கடைக்கண்ணாடி ஒன்றை மேசைமேல் போட்டு, அதில் நீலச் சாயம் தடவி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்தான். நீலம் இரண்டு ஓரத்திலும் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. வளைந்த மூடிக்கு அடியில் எந்தத் தகட்டைப் போட்டாலும் நிற்காது.

இரண்டு நாள் அவனும் அய்யாக்கண்ணும் எதிரெதிரே நின்று அந்த ஹெட்டைக் கண்ணாடிமேல் தேய்த்தார்கள். எண்ணெயில் குழைத்த குருந்தப் பொடியைத் தடவி, எட்டுப் போடுகிற மாதிரி தேய்ப்பார்கள். துடைத்து நீலம் பார்ப்பார்கள். மறுபடி தேய்ப்பார்கள். சுலைமானுக்கு நோன்பு. வெயில் காலம் வேறு. நடுப்பகலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நோன்பு இல்லாத அய்யாக்கண்ணும் சுலைமான் கண்ணெதிரே ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டான். நோன்பு மாதம் முழுக்க அவன் சோற்றுப் பொட்டலத்தைப் பட்டறையில் பிரித்ததில்லை. இரண்டு சந்து தள்ளி ஒரு மாமரத்தடிக்குப் போய்ச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவான். அப்படிச் செய் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

வியாழன் மதியம் நீலம் ஹெட்டின் முகம் முழுக்க ஒரே சீராக ஒட்டியது. அய்யாக்கண்ணு அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"கல்யாணப் பொண்ணு மொகம் மாதிரி இருக்கு பாய்."

"கண்ணு வச்சிராதே."

புதிய தகடு சிங்கப்பூரிலும் இல்லை என்று தந்தி வந்துவிட்டது. பழைய செம்புத் தகட்டையே பக்குவப்படுத்த வேண்டும். ஒரு தடவை நசுங்கிய செம்பு இறுகிவிடும். நெருப்பில் காட்டித் தண்ணீரில் போட்டால் திரும்பவும் இளகி, மேலும் கீழும் இருக்கிற சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கெல்லாம் இணங்கிக் கொடுக்கும். சுலைமான் பட்டறையின் இருட்டு மூலையில் சிரட்டைக் கரியை மூட்டினான். வெளிச்சத்தில் வைத்தால் செம்பு சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது உருகத் தொடங்கியிருக்கும். மங்கலாகச் சிவந்த அந்த நொடியில் இடுக்கியால் எடுத்து வாளியில் அமுக்கினான். கரிப் பொருக்கு உதிர்ந்து, உள்ளே இருந்த செம்பு ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. விரலால் அழுத்தினால் வளைந்தது. அவனுக்கு அன்றைக்குத்தான், பல வாரத்துக்குப் பிறகு, எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

ஹெட்டைப் பிடித்து வைப்பவை பதினான்கு இரும்புக் கம்பிகள். ஸ்டட் என்பார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்டு. நடுவில் ஆரம்பித்து, குறுக்கு மறுக்காக வெளியே போய்க்கொண்டே, நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, கடைசியாக ஒரு தடவை முறுக்க வேண்டும். அந்தக் கடைசி முறுக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதற்குச் சுலைமான் ஒரு கணக்கு வைத்திருந்தான். நட்டுக்கு ஆறு பட்டை. ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டும் அரைப் பட்டை திரும்ப வேண்டும். குறைந்தால் கசியும், கூடினால் ஸ்டட் இழுபட்டுவிடும்.

இதற்காக அவன் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவான். முதல் இறுக்கம் முடிந்ததும் நட்டின்மேல் தொடங்கி ஹெட்டின்மேல் வரை ஒரே நேர்கோடு. அரைப் பட்டை திருப்பினால் கோடு உடைந்து, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியும். திருப்பி முடித்ததும் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நேர்கோடு போடுவான். கார் ஓடி வந்த பிறகு நட்டு தளர்ந்திருந்தால் அந்தக் கோடு காட்டிக் கொடுக்கும். முறுக்குவதற்கு முன்னாலும் நேர்கோடுதான், முறுக்கிய பின்னாலும் நேர்கோடுதான். இரண்டையும் எப்போதும் அவன் கையே செய்ததால், இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சினை ஓட்டினார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது சுலைமானுக்குக் கண் இருட்டியது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அய்யாக்கண்ணு ஓடி வந்தான்.

"உக்காருங்க பாய். நான் சுத்துறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. போய் ஒன் வேலயப் பாரு."

அவன் இப்படித்தான். நோன்பைக் காரணம் காட்டி ஒரு துரும்பைக்கூடக் குறைத்துத் தூக்க மாட்டான். யாராவது இரக்கப்பட்டால் முகம் சுண்டிவிடும். எஞ்சின் அரை மணி நேரம் சுத்தமாக ஓடியது. தண்ணீரில் ஒரு குமிழி இல்லை. நிறுத்திவிட்டு ஆறப் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சுலைமான் கைகால் கழுவி, சட்டை மாற்றி, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினான்.

"வந்து கடைசி முறுக்கு முறுக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் திரும்பியபோது இரண்டரை மணி. அய்யாக்கண்ணு சாப்பிடப் போயிருந்தான். தவுக்கே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான், குளிர்ந்திருந்தது. பதினான்கு நட்டிலும் கோடு நேராக இருந்தது. பிஸ்மில்லா சொல்லி நடு நட்டில் ஸ்பானரைப் போட்டான்.

நட்டு அசையவில்லை.

இன்னும் அழுத்தினான். கல் மாதிரி இருந்தது. அவன் கைக்கு இது புதிது. இந்த இடத்தில் நட்டு எவ்வளவு எதிர்க்கும் என்று அந்தக் கைக்குப் பத்து வருஷமாகத் தெரியும். கை சொன்னது: இது ஏற்கெனவே இறுகியிருக்கிறது. சுலைமான் அதைக் கேட்டான், கேட்டுவிட்டு வேறு மாதிரி அர்த்தப்படுத்திக்கொண்டான். இருபதாவது நோன்பு. உடம்பில் சத்தில்லை. காலையில் கைப்பிடி சுற்றும்போதே கண் இருட்டியதே. இதையும் அய்யாக்கண்ணு வந்து பார்த்து, உக்காருங்க பாய் என்று சொல்ல வேண்டுமா? அந்த நினைப்பே அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

சுவரில் சாய்ந்திருந்த இரண்டடிப் பைப்பை எடுத்து ஸ்பானரின் பிடியில் செருகினான். பைப் போட்டு முறுக்கினால் யானைபோல் பலம் வரும், ஆனால் நட்டு என்ன சொல்கிறது என்று கைக்குக் கேட்காது. இதற்காக இரண்டு பேரை அவன் பட்டறையை விட்டே துரத்தியிருக்கிறான். இன்றைக்கு அவனே போட்டான். நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. சரியாக அரைப் பட்டை. அடுத்த நட்டு. அதற்கடுத்தது. பதினான்கும் முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது. பைப்பை இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டு, பழைய கோடுகளைத் துடைத்து, நேராகப் புதிய கோடு போட்டான். அய்யாக்கண்ணு திரும்பி வந்தபோது அவன் அஸர் தொழுகைக்குக் கை கழுவிக்கொண்டிருந்தான். அய்யாக்கண்ணு எஞ்சினை எட்டிப் பார்த்தான். கோடுகள் நேராக இருந்தன. பேசாமல் போய் ஸ்பார்க் பிளக்குகளைத் துடைக்க உட்கார்ந்தான்.

சனிக்கிழமை துரை வந்து காரை ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகி அவர் பேசுகிற தமிழ் ஒரு தினுசாக இருக்கும்.

"ரொம்ப நல்லது, சுலைமான். நீ கெட்டிக்காரன். லாரி எல்லாம் நீதான் பாக்கணும்."

அன்று நோன்பு திறக்கும்போது சுலைமான் இதைச் சலேஹாவிடம் சொன்னான். அவள் கஞ்சிக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரோஹானாவுக்கு எதற்கென்று புரியாமல் அவளும் சிரித்தாள். மாமனார்கூட அன்றைக்கு இரண்டாவது தடவை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிறு காலை ஃபெரியில் காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு மைல் நேர்ரோடு. ஓரத்தில் கூடாரம் அடித்து, ஐஸ் பெட்டி வைத்து, துரைமாரும் துரைசானிமாரும் ஊரில் பஞ்சமே இல்லாதது போல் உட்கார்ந்திருந்தார்கள். வரப்புகளில் மலாய்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒவ்வொரு காரும் இரண்டு ஓட்டம் ஓட வேண்டும். முதல் ஓட்டத்தில் பச்சைக் கார் எல்லாரையும்விட நான்கு விநாடி முந்தியது. அய்யாக்கண்ணு சுலைமானின் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

இரண்டாவது ஓட்டத்தில் முக்கால் மைல் வரை எஞ்சின் சத்தம் சீராக வந்தது. பிறகு ஒரு வெடி. துப்பாக்கி சுட்டதென்று வரப்பில் நின்றவர்கள் குனிந்தார்கள். ரோட்டில் வெள்ளையாக ஆவி எழும்பிக் காரை மூடியது. அதற்குள்ளிருந்து கார் தானாக உருண்டு வந்து, முடிகிற கோட்டுக்கு நூறு கஜம் முன்னால் நின்றது.

சுலைமான் ஓடினான். துரை கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தாலும் பட்டுக்கொண்டிருப்பான். அவர் திட்டக்கூட இல்லை.

"பரவால்லே, சுலைமான். போ" என்றார்.

லாரிகள் போய்விட்டன என்று அந்தப் 'பரவால்லே'யிலேயே தெரிந்துவிட்டது.

துரைக்கு இனி அவசரம் இல்லை. காரைத் திங்கட்கிழமை பட்டறைக்கு அனுப்பி, என்ன ஆனது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார். சுலைமான் நட்டுகளைக் கழற்றினான். நடு ஸ்டட் இரண்டாக முறிந்திருந்தது. அதன் இரு பக்கத்து ஸ்டட்களும் இழுபட்டு, கழுத்து மெலிந்து, மிட்டாய்க்காரன் இழுத்த சர்க்கரைப் பாகு போல் இருந்தன. பிடி விட்ட இடத்தில் தகடு கருகிக் கிழிந்திருந்தது. அவர்கள் தேய்த்த முகமும், அவன் பதப்படுத்திய செம்பும் மற்ற எல்லா இடத்திலும் பழுதில்லாமல் இருந்தன. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

அய்யாக்கண்ணு முறிந்த ஸ்டட்டைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பாய், நட்ட எத்தன தடவ முறுக்குனீங்க?"

"இது என்ன கேள்வி. ஜும்மாவுக்கு அப்பறம் ஒரு தடவ. அரைப் பட்டை."

அய்யாக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்தான். முறிந்த ஸ்டட்டைத் தரையில் வைத்தான்.

"நானும் முறுக்குனேன் பாய்."

சுலைமான் அவனைப் பார்த்தான்.

"நீங்க தொழுவப் போயிருந்தப்ப. காலைல நீங்க தலை சுத்தி நின்னதப் பாத்தேன்ல, மனசு கேக்கல. எஞ்சின் ஆறிருச்சு. நீங்க செய்ற மாதிரியே அரைப் பட்டை அளந்து முறுக்குனேன். கோட்டத் தொடச்சுட்டு நேரா புதுக் கோடு போட்டேன். பெறவுதான் சாப்புடப் போனேன்."

"ஏன் சொல்லல? ஏண்டா சொல்லல?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்க. போன வருஷ நோன்புல ஒங்களுக்குப் பதிலா நான் ஜாக்கி தூக்கினேன்னு மூணு நாள் எங்கிட்ட பேசல நீங்க. வந்து பாத்தா கோடு நேரா இருந்துச்சு. நான் போட்ட கோடுதான்னு நெனச்சுட்டேன். நீங்களே பாத்து, முடிஞ்சிருக்குன்னு புரிஞ்சுகிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

சுலைமான் கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்தான். அது தகரத்தில் பட்டு அலறியது. அய்யாக்கண்ணு நகரவில்லை. தன்மேல் எறிந்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டான் போலிருந்தது. அவனை இரண்டு அறை அறைய வேண்டும் என்று சுலைமானுக்குக் கை துடித்தது. அதே கைதான் வெள்ளிக்கிழமை மதியம் நட்டு இறுகியிருக்கிறது என்று சொன்னது. அதன் பேச்சை அவன் கேட்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து அய்யாக்கண்ணு வரும்வரை உட்கார்ந்திருந்தால், பட்டறை இருக்கும், லாரி வரும், சலேஹா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"நான் பைப்பு போட்டு முறுக்குனேன் அய்யாக்கண்ணு" என்றான்.

அய்யாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான். பைப் போட்டவர்களைச் சுலைமான் துரத்தியதை நேரில் பார்த்தவன் அவன். ஒன்றும் சொல்லாமல் திரும்பக் குனிந்துகொண்டான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்று சுலைமானுக்கு இருந்தது.

இருவரும் போய்த் தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்கள். தவுக்கே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யார் கை முறுக்கினா என்ன. ஒடஞ்சது ஒரு கம்பிதான். லாரிய வேற கம்பெனிக்குக் குடுத்தாச்சுன்னு காலைலயே துரை ஆள் வந்து சொல்லிட்டுப் போயிட்டான்." அவர் எழுந்து இரண்டு பேர் தோளிலும் தட்டினார். "நல்ல வேலைக்காரங்கதான் நீங்க. ரெண்டு பேருமே நல்லவங்கதான். ஹாபிஸ் லா."

இந்தத் தடவை அவர் கையை உதறவில்லை.

அய்யாக்கண்ணு, தன் மனைவி வள்ளியம்மாவின் அண்ணன் வீட்டுக்கு, பைராம் தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னான். அங்கேயும் ஆள் குறைக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெருமுனை வரை ஒன்றாக நடந்தார்கள். பிரிகிற இடத்தில், "பாய், நான் ஒங்களுக்குக் கெட்டது நெனச்சு…" என்று அவன் ஆரம்பித்தான்.

"தெரியும்" என்றான் சுலைமான். உண்மையாகவே தெரியும். அவன் கெட்டது நினைத்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

டத்தோ கிராமாட் வரை நடக்கும்போது அவன் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே போனான். ஊரில் எப்படியாவது ஒரு பட்டறை தேடிக்கொள்வேன். நாகப்பட்டினத்தில் இப்போது பஸ் ஓடுகிறதாம். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள்தான். நீயும் பிள்ளையும் வாங்க. ஒவ்வொரு வாக்கியமும் நடக்க நடக்கப் பொய்யாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அவளைக் கேட்காமல் கப்பல் ஏற அவனால் முடியாது.

வீட்டு வாசலில் மாமனார் இல்லை. வேண்டுமென்றே கடையிலேயே இருந்துவிட்டார் போலும். ரோஹானா தூங்கிக்கொண்டிருந்தாள். உள் அறையில் சலேஹா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே தகரப் பெட்டி திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேதி ஞாயிற்றுக்கிழமையே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. பெட்டிக்குள் அவனுடைய கைலிகள், வெள்ளைச் சட்டைகள், தொப்பி, பெருநாளுக்கென்று தைத்துவைத்த புதுச் சட்டை எல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. பெட்டி நிறைந்துவிட்டது. அவள் துணியோ பிள்ளையின் துணியோ ஒன்றுகூட அதில் இல்லை.

சுலைமான் வாசற்படியில் நின்றான். தயார் செய்துவந்த பேச்சில் முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் நிமிர்ந்தாள். வெகு நேரம் அழுது முடித்த முகம்.

"மச்சான், கேக்காதீங்க" என்றாள்.

அவன் வாயை மூடினான்.

"நீங்க கேட்டா நான் வந்துருவேன். அத்தா என்ன சொன்னாலும் நிக்க மாட்டேன், புள்ளயத் தூக்கிட்டு ஒங்க பின்னால வந்து கப்பல் ஏறிருவேன். அங்க போயி அது பசியில கெடக்கறத ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிப்போம்." அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "அதனால கேக்காதீங்க."

பள்ளிவாசலில் நகரா முரசு அடித்தது. நோன்பு திறக்கிற நேரம். சலேஹா எழுந்து போய் ஒரு கோப்பையில் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தாள். கேட்டுவிடுவானோ என்று அவள் பயந்தாள், கேட்க மாட்டானோ என்றும் பயந்தாள். இரண்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. சுலைமான் தண்ணீரைக் குடித்தான். பழத்தைக் கடித்து மென்று விழுங்கினான்.

அவன் கேட்கவில்லை.